சோலையப்பன் வீட்டுக் குடம்

ஒரு குடத்தை வேப்பமரத்துக்கு நேரே வரிசையில் வைத்துவிட்டு, இன்னொன்றை நாலைந்து குடம் தள்ளி வைக்கிறாள் மூக்காயி. முதல் குடத்தின் முறை வந்ததும் மொண்டு, சும்மாடு வைத்துத் தூக்கி, தன் வீட்டில் இறக்கிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருகிறாள். இரண்டாவது குடத்தின் முறை வரும்போது, யாரும் கேட்காமலே, "இது சோலையப்பன் வீட்டுக் கொடம்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுக்குக் குனிகிறாள். முதல் குடத்துக்கு அப்படி ஒன்றும் சொல்வதில்லை.

சோலையப்பன் அவளுடைய ஒரே மகன். பெண்சாதி அழகம்மாளையும் கூட்டிக்கொண்டு ரங்கூன் மில் வேலைக்குக் கப்பல் ஏறினவன். அந்தப் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த நாளிலிருந்து அவர்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை வரவில்லை.

எங்கள் இடத்துக்குச் சாம்பல்மேடு என்று பெயர். புதுக்கோட்டைக்குத் தெற்கே ரயில் கேட்டைத் தாண்டி, நெல் அரைக்கிற மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. மில்காரர்கள் உமி எரித்த சாம்பலைக் கொட்டிக் கொட்டியே பள்ளம் மேடாகிவிட்டது. அந்த மேட்டில் முதல் கூரை போட்டவன் நான். இடுப்பில் ஒரு துண்டோடு இந்த ஊருக்கு வந்தேன். மூட்டை தூக்கினேன். இன்றைக்குக் களத்து மேஸ்திரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் நான் தொண்டையைக் கனைத்தால் களத்தில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து, என்னைக் கேட்டு, நான் குச்சியால் கோடு கிழித்த இடத்தில்தான் குடிசை போட்டார்கள். இன்று மில் சங்கு ஊதினால் மேடு முழுவதும் எழுந்து நடக்கிறது.

வீடு என்றால் ஒரே அறை. புருஷன் பெண்சாதி, பிள்ளைகள், வெள்ளாட்டுக்குட்டி எல்லாம் அதற்குள்தான். ஆகையால் இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று இருமுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் சீலையை ஒழுங்குபடுத்திக்கொண்டு குரல் கொடுத்த பிறகுதான் நுழைவார்கள். திருக்கோகர்ணத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "என்னங்க மேஸ்திரி, ஒங்க மேட்டுல எல்லாத்துக்கும் ஈளை இருமலா?" என்று கேட்டார். உமித் தூசியில் வாழ்கிறவர்களுக்கு அதுவும் பாதி உண்மைதான். சோலையப்பனுக்குக் கல்யாணமான புதிதில் மூக்காயி அடுத்திருந்த மகன் வீட்டு வாசலில் நின்று இருமுவது மேடு முழுவதும் கேட்கும். "வாத்தா, முழிச்சுத்தான் இருக்கோம்!" என்று அவன் உள்ளேயிருந்து சிரிப்பான். அழகம்மாள் வெட்கத்தோடு முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள்.

மேட்டுக்கு ஒரே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. அதையும் நான்தான் ஆள் சேர்த்துத் தோண்டினேன். உத்தியோகஸ்தர்கள் வந்து பார்த்து, "இங்கே தண்ணீர் வராது" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் தோண்டினேன். வந்தது. ஆனால் கண்ணீர் மாதிரிதான் ஊறும். அடிதடி வராமலிருக்க ஒரு சட்டம் வைத்தேன். அடுப்பு எரிகிற வீட்டுக்கு ஒரு குடம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் குடமும் இல்லை, அந்த இடமும் அவர்களுக்கு இல்லை, வீடில்லாதவன் ஏறிக்கொள்ளலாம். புறம்போக்கில் குடியிருக்கிறவனுக்குப் பத்திரம் ஏது? அடுப்புதான் பத்திரம். இந்தச் சட்டத்தை இதுவரை ஒருவரும் மீறினதில்லை.

மூக்காயியும் மீறவில்லை. சங்கு ஊதி வேலை விட்டதும் நேரே வீட்டுக்குப் போய்த் தன் அடுப்பைப் பற்றவைப்பாள். அதிலிருந்து ஒரு நெருப்புத்துண்டை ஓட்டாஞ்சில்லில் எடுத்து, முந்தானையால் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, மகன் வீட்டுக்குப் போய் அந்த அடுப்பையும் பற்றவைப்பாள். கஞ்சி இந்த வீட்டில், குழம்பு அந்த வீட்டில். யாராவது கூரையைப் பார்த்தால் இரண்டிலும் புகை வரும். "சோறு ஒரு ஊட்டுல, கொழம்பு ஒரு ஊட்டுல. ரெண்டு அரமனைக்கு ராணி!" என்று எதிர்வரிசை செபமாலை கிண்டல் பண்ணுவாள். மூக்காயி கோபித்துக்கொள்ளமாட்டாள். "ஆமாடி, அரமனைக்கு வெள்ளையடிக்கணும், ஒன் புருசனை வரச்சொல்லு" என்பாள்.

களத்தில் அவளுக்கு நெல் துழாவுகிற வேலை. அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் சால் சாலாக இழுத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் அந்தத் தளத்தில் புதிதாய் வந்தவர்கள் கால் மாற்றிக் கால் வைத்துக் குதிப்பார்கள். மூக்காயி பூஜைக்கு நடப்பதுபோல நடப்பாள். அவள் உள்ளங்கால் மாட்டுக் குளம்பாகிவிட்டது. ஒருநாள் நெல் அவிக்கிற அடுப்பிலிருந்து தெறித்த கங்கு அவள் உள்ளங்காலுக்குக் கீழே கிடந்து புகைந்தது. நான் கத்தினதற்குப் பிறகு குனிந்து பார்த்து, "அட, இதுவா? நான் எவ ஊட்டுலயோ கருவாடு சுடுறாகன்னுல்ல நெனைச்சேன்" என்றாள்.

இன்னொரு பழக்கம் உண்டு. மகன் வீட்டைப் பெருக்கும்போது மருமகளைத் திட்டுவாள். "ஏண்டி அழகம்மா, மூலையில நூலாம்படை தொங்குது, ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு? தலகாணியை இப்படியா போட்டுட்டுப் போவாக?" என்று குரல் கேட்கும். பதில் இருக்காது. கொஞ்ச நேரம் விட்டு, "சரி சரி, அழுவாத" என்பாள். முதலில் சிரித்த பெண்கள் இப்போது அந்த வழியாய்ப் போனால் நடையைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து பிழைத்து வந்தவர்கள் சிலர் ரயிலில் இறங்கி இந்தப் பக்கம் போனதுண்டு. அப்படி ஒருவன் எலும்பும் தோலுமாக மேட்டுக்கு வந்து, "சோலையப்பனா? பார்த்தேன் ஆத்தா. சொகமா இருக்கான்" என்றான். மூக்காயி அவனை உட்காரவைத்துக் ரேஷன் கார்டில் வாங்கின அரிசியை வடித்துப் போட்டாள். மேடே கூடி நின்றது. அவன் போனபிறகு நான் சந்தோஷமாக, "நல்ல சேதி வந்துருச்சில்ல?" என்றேன்.

"இல்லண்ணே. நெட்டையா கட்டையான்னு கேட்டேன். கட்டைங்கிறான். எம்புள்ள வாசல் நெலை தலையில தட்டுற ஒசரம்."

"தெரிஞ்சுமா சோறு போட்ட?"

"பசிண்ணே அவனுக்கு. பொய் சொன்னாத்தான் சோறு கெடைக்கும்னு எவனோ சொல்லிக்குடுத்திருக்கான். நான் இவனுக்குப் போட்டா, எம்புள்ளைகளுக்கும் எங்கயாச்சும் ஒருத்தி போடமாட்டாளா?"

பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டே சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

இந்தக் கோடையில் ஊற்று அடிமண்ணோடு போய்விட்டது. சிரட்டையால் வழித்து வழித்து ஒரு குடம் நிறைவதற்குள் அடுத்தவள் நின்றபடியே தூங்கிவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் நாகராசுவுக்கு வீடு என்கிற கேள்வி எழுந்தது. நாகராசு பாய்லருக்கு உமி தள்ளுகிறவன், மேட்டுக்குப் புதிது. வீடில்லை. மில்லின் உமிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு குடியிருந்தான். அவன் பெண்சாதி முத்துமாரியம்மாளுக்கு நிறைமாதம். அந்தத் தூசியில் அவளுக்கு மூச்சு இழுத்தது. வீடில்லாததால் குடமும் இல்லை. வரிசையின் ஓரத்தில் ஒரு செம்போடு நின்று, மனமிருக்கிறவர்கள் ஊற்றினதை வாங்கிக்கொண்டு போவாள். அதிகமாக ஊற்றினவள் மூக்காயிதான்.

இருந்தும் சண்டை அவளோடுதான் வந்தது. இரண்டாவது குடத்துக்கு அவள் குனிந்தபோது செபமாலை சிரட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுக்கா. இந்தத் தண்ணியை ஆரு குடிக்கப் போறா? உசுரோட ஒருத்தி இங்கிட்டு நிறைமாசத்தோட நிக்கிறா. அங்கிட்டு ஒரு ஊடு சும்மா கெடக்கு. நீ புகையைக் காட்டிக்கிட்டே இருந்தா எத்தனை நாளைக்கு?"

"என் மகன் வாற வரைக்கும்."

"வரமாட்டாகக்கா!"

சொன்ன பிறகு செபமாலையே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. முத்துமாரியைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல் வந்த வார்த்தை. மூக்காயி சிரட்டையை வாங்கி, தண்ணீரை வழித்து, குடத்தை நிறைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கும் அந்தக் கூரையில் புகை வந்தது.

எல்லாருமாக என்னிடம் வந்தார்கள். நாகராசு மட்டும் தள்ளி நின்றான். "எனக்காகப் பெரிய மனுசியை மனசு நோக வைக்காதீக மேஸ்திரி. நாங்க எப்படியோ பாத்துக்கிறோம்" என்றான். அவன் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு வீட்டைக் கொடுத்தே தீரவேண்டும் என்று பட்டது. ஆனால் எந்தச் சட்டப்படி கொடுப்பது? பூட்டின வீட்டைத்தான் எடுக்கலாம். அந்த அடுப்பு ஒருநாளும் எரியாமல் இருந்ததில்லை. நான் வைத்த சட்டம், நானே மாற்றினால் நாளைக்கு ஒருவன் மதிப்பானா? கடைசியில், மூக்காயியிடம் நானே பேசுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

போய் இருமினேன். "வாங்கண்ணே" என்றாள். தன் வீட்டில் உட்கார்ந்து மடியில் கொட்டின நெல்மணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலின் வெடிப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற மணி. அதைக்கூட விடமாட்டாள்.

"மூக்காயி, ஒனக்கே தெரியும், நான் எதுக்கு வந்திருக்கேன்னு."

"தெரியும்ணே. வீடு வேணும். குடுத்துர்றேன்."

அவள் இவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அவள் எழுந்து பாயைச் சுருட்டினாள். தகரப் பெட்டியைத் தூக்கி வெளியில் வைத்தாள். கயிற்றிலிருந்து தன் மாற்றுச் சீலையை உருவினாள். பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவள் காலி செய்தது மகன் வீட்டை அல்ல, தன் வீட்டை.

"இதுல வந்து இருக்கச் சொல்லுங்கண்ணே. புள்ளத்தாச்சியை இன்னைக்கே கூட்டியாரச் சொல்லுங்க. அடுப்புல தணல் இருக்கு, அணைக்கலை."

"அப்ப நீ?"

"நான் அங்கிட்டு இருந்துக்குறேன்."

அன்று சாயங்காலமே முத்துமாரியம்மாள் குடியேறினாள். அந்த வாரத்திலேயே அவளுக்குப் பெண் பிறந்தது. கைப்பிடித்துவிட்டு, வெந்நீர் வைத்து, மருந்து அரைத்துக் கொடுத்தது எல்லாம் மூக்காயிதான். குழந்தைக்கு அவள் பெயரையே வைக்கிறேன் என்று நாகராசு சொன்னான். "இந்த மூஞ்சி எனக்கே போதும், அதுக்கு வேற பேரு வைங்க" என்று சிரித்துவிட்டாள். செபமாலை ஒரு கூழ்ச்சட்டியைக் கொண்டுவந்து மூக்காயியின் பக்கத்தில் வைத்தாள். இவளும் எடுத்துக் குடித்தாள்.

இப்போது வரிசையில் அவள் வைப்பது ஒரே குடம். அதற்கும் "இது சோலையப்பன் வீட்டுக் கொடம்" என்றுதான் சொல்கிறாள். தனக்கென்று ஒரு குடம் கேட்பதில்லை.

ஆனி மாதம் ஒரு மழை பெய்தது. விடிந்ததும் கூரைகளைப் பார்த்துவரக் கிளம்பினேன். மேட்டில் எந்தக் கீற்று பறந்தாலும் முதலில் போய் நிற்கிறவன் நான்தானே. சோலையப்பன் வீட்டுக் கூரை இறவாணத்தின் கீழே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, சாக்கைப் போர்த்தி மூக்காயி உட்கார்ந்திருந்தாள். தகரப் பெட்டியும் வெளியிலேயே நனைந்து கிடந்தது. கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, வீட்டை வச்சுக்கிட்டு வெளியிலயா படுக்கிற? உள்ள படுத்தா ஆரு வேணாங்கிறா?"

"சின்னஞ்சிறுசுக வீடுண்ணே அது" என்றாள். "திடுக்குனு வந்து நின்னாகன்னா? ஆத்தா பாயை விரிச்சுக் கெடந்தா அதுக எங்கிட்டுப் போகும்?"

நான் ஆள் விட்டு அவள் படுக்கிற இடத்துக்கு முன்னால் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தேன். என் கைக்காசுதான். மேட்டில் அதைவிட நேர்த்தியான சாய்ப்பு இல்லை. அதற்குமேல் அவளுக்கு என்ன செய்வதென்று, இவ்வளவு செய்து முடித்த எனக்கும் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் களத்திலிருந்து திரும்பி வரும்போது பார்த்தேன். முத்துமாரியிடம் கேட்டு, தன் பழைய அடுப்பிலிருந்து ஓட்டாஞ்சில்லில் நெருப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். முந்தானையால் மறைத்தபடி சோலையப்பன் வீட்டு வாசலுக்குப் போனாள். சங்கிலியை உடனே எடுக்கவில்லை. கதவுக்கு ஒரு முழம் இப்பால் நின்று, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, மேடு முழுவதும் கேட்க இருமினாள். நெருப்பின்மேல் சாம்பல் பூத்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் வருவதற்கு ஆகிற நேரம் நின்றாள். பிறகு சங்கிலியைச் சத்தமில்லாமல் இறக்கி, தலையைக் குனிந்து உள்ளே போனாள்.