சாத்திய வீடுகளும் ஒரு ஜீப்பும்

டீசல் வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் கால் தானாகப் புதர் மறைவைத் தேடுகிறது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு ஜீப்பில் ஏறி வருகிறவர்கள் எல்லோருமே அப்போது எங்களுக்குக் "கவுர்மெண்டு"தான். காட்டுக்குள் ஆடு மேய்ந்தது, விறகு வெட்டினது என்று ஏதாவது ஒரு குற்றத்தைக் கையோடு கொண்டுவருவார்கள் என்பது பெரியவர்களின் தீர்மானம். அதனால் கீழ் வளைவில் வண்டி உறுமினதுமே அடுப்பில் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆடுகளோடு ஊரே புளியமரங்களுக்குப் பின்னால் இருந்த பாறைச் சந்தில் போய் ஒடுங்கிக்கொள்ளும். இதற்கு எங்கள் ஊரில் "பாறைக்குப் போறது" என்று பெயர்.

எங்கள் வீட்டில் மட்டும் இதில் இரண்டு கட்சி. "கவுர்மெண்டு எட்டிப் பாக்காம இருந்தாலே போதும், நாம பொழச்சிக்குவோம்" என்பார் அப்பா. "ரோட்ட நீங்களா போடுவீங்க? அதுக்குத்தான கவுர்மெண்டு?" என்று அம்மா மடக்குவார். அம்மாவுக்கு அது வெறும் வாய்ச்சண்டை இல்லை. அப்போது அவர் முழுகாமல் இருந்தார். வலி வந்தால் மூங்கிலில் கம்பளி கட்டின "டோலி"யில் ஆள் தூக்கித்தான் அடிவாரம் சேர வேண்டும்.

சாமை அறுப்பு முடிந்த சமயம் ஒரு ஜீப்பு வந்தது. வழக்கம்போல எல்லோரும் பாறைக்குப் போனோம். வந்தவர்கள் கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரோடு போட அளக்க வந்திருக்கோம், யாராவது வாங்க" என்று கூவினார்கள். அம்மா எழுந்தார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "இப்பிடித்தான் சொல்லுவானுங்க, குந்து" என்றார். அம்மா உட்கார்ந்தார்.

ஆள் இல்லாத ஊர் என்று முடிவு கட்டிக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். சாலை பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. அடுத்து வந்த மழையில் அம்மாவை டோலியில் தூக்கிப் போனார்கள். வழுக்குகிற இறக்கத்தில், பாதி வழியிலேயே பெண் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது.

இப்போது எங்கள் ஊருக்கும் தார்ச்சாலை இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. டோலி தூக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை. பாறைச் சந்தை முள் மூடிவிட்டது. நான் மலைக்குக் கீழே கணியம்பாடியில் குடியிருக்கிறேன், வாசலில் அடையாள அட்டையோடு யாராவது நின்றால் பாதிக் கதவைத்தான் திறக்கிறேன். அப்பாவோ கட்சி மாறிவிட்டார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், "தெரு லைட்டு எரியல, தண்ணி வரல, இந்தக் கவுர்மெண்டு இன்னாதான் பண்ணுது?" என்று என்னிடம் கேட்கிறார். இத்தனை வருஷம் கழித்து வந்த இந்த நம்பிக்கையையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அவர் பேச ஆரம்பித்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறார். வீட்டில் அந்தச் சண்டையே இல்லாமல் போய்விட்டது. எனக்கு ஒரு தங்கை இருந்திருக்க வேண்டும்.