எங்களை ஏற்றாமல் திரும்பிய லாரி

முந்தாநாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் ஐயாவின் மகன் வாசலில் வந்து நின்றார். "அப்பா போயிட்டாருமா" என்றார். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் ஐயா. அழுதேன். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதற்கு அவரே பொறுப்பு.

அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த நாங்கள் சில குடும்பங்கள், காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்கோடியில் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தோம். ஊரில் இடமில்லை, உள்ளூரில் வேலை இருப்பவர்களைத் தவிர மற்ற அகதிகள் வெளிமாவட்ட முகாமுக்குப் போகவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. எங்களில் யாருக்கும் வேலை இல்லை. மறுபடியும் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று இருந்தோம்.

எங்களை ஏற்றி அனுப்பும் பொறுப்பு ஐயாவுடையது. முதல்நாள் மாலை சைக்கிளில் வந்தார். முறுக்கிய மீசை, அதற்குச் சற்றும் பொருந்தாத கீச்சுக்குரல். "நாளைக்கு லாரி வருதுமா. மூட்டை கட்ட வேணாம். பொம்பளைங்க எல்லாம் காலையிலயே நெசவு மேஸ்திரி வாசலுக்கு வந்துடுங்க" என்றார். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது.

காலையில் தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளை, பட்டுப் பாவை, தெரு நீளத்துக்கும் விரித்திருந்தார்கள். நெசவு மேஸ்திரி எங்களை வரிசையாக நிறுத்தி, அறுந்த இழைகளை முடிச்சுப் போடச் சொன்னார். லாரி வந்தது, தெருமுனையிலேயே நின்றது. பாவு சுருட்டும்வரை அந்தத் தெருவில் மாட்டுவண்டிகூட நுழையாது. ஒன்றைச் சுருட்டினால் அடுத்த வீட்டுப் பாவு வந்தது. வெயிலேறியதும் தாசில்தாரே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"என்னய்யா, இன்னும் ஏத்தலையா?"

"பாவு போட்டுக்கினு இருக்காங்க சார். இழை அறுந்தா தெருவே சண்டைக்கு வந்துடும்" என்றார் ஐயா, பரம சாதுவாக.

தாசில்தார் எங்களைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். "நம்ம ஆளுங்கதான் சார். இவங்க இல்லாட்டி வேலை ஓடாது."

"வேலை இருக்குதுன்னா அனுப்ப முடியாதே சார்" என்று ஐயா தலையைச் சொறிந்தார். தாசில்தார் அவரை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். லாரி காலியாகத் திரும்பியது. தாசில்தார் மறுபடி வந்துவிடுவாரோ என்ற பயத்தில் மேஸ்திரி எங்களுக்கு நிஜமாகவே வேலை கொடுத்தார்.

பாவு போடும் நேரம் பார்த்து லாரியை வரச்சொன்னதே ஐயாதான் என்று அவர் மனைவி பிறகு சொல்லித்தான் தெரிந்தது. ஐயாவிடமே கேட்டதற்கு, "சர்க்கார் லாரி அனுப்பச் சொல்லிச்சு. எத்தினி மணிக்குன்னு சொல்லலையேமா" என்றார்.

அதன்பின் எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவரில்லாமல் நடந்ததில்லை. பர்மா நூடுல்ஸை, "என்னாம்மா இது, சிக்கெடுக்காத நூலாட்டம்?" என்று கேலி செய்துகொண்டே இன்னொரு தட்டு கேட்பார்.

நேற்று இறுதிச் சடங்கில் நாங்கள் எல்லோரும் முன்னால் நின்றோம். வெளியூர் உறவினர் ஒருவர், "இவங்கள்லாம் எந்த ஊரு?" என்று ஐயாவின் மனைவியிடம் மெல்லக் கேட்டார். அழுதுகொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து, "என்னா கேள்வி இது? இந்த ஊருதான்" என்றார்.

போய் வாருங்கள், ஐயா. எங்களை அனுப்ப மனமில்லாத உங்களை, நாங்கள்தான் அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று.