மாடிப்படிக்குக் கீழிருந்த பாட்டரி

சென்னீர்குப்பத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன சமயத்தில் எங்கள் தெருவில் மொத்தமே நாலைந்து வீடுகள்தான். மற்றதெல்லாம் கல் நட்ட காலி மனைகளும் முள்ளுச்செடியும். அதற்கு முன்பு ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே பாத்திரம் கீழே விழுந்தால்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து 'என்னாச்சு' என்று குரல் வரும். இங்கே பகலெல்லாம் காற்றுச் சத்தம்தான். என் கணவர் காலை ஷிஃப்டுக்கு சைக்கிளில் கிளம்பிப் போனால் வீட்டில் நானும் என் மாமனாரும் மட்டும் இருப்போம்.

நாங்கள் வந்த கொஞ்ச நாளிலேயே அடுத்த தெருவில் பட்டப்பகலில் பின்கதவை நெம்பித் திறந்து வெள்ளிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்காரம்மா முன்னறையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டதும் மாமா மண்ணூர்பேட்டைக்குப் போய் அலாரம் செய்து கொடுக்கிற ஒரு பட்டறைக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். இரண்டு கதவுகளிலும் சின்ன சுவிட்சு வைத்து, மாடிப்படிக்குக் கீழிருந்த மர அலமாரிக்குள் பெட்டியைப் பொருத்தினார்கள். கதவு திறந்தால் சைரன் அலறும். கரண்ட் போனாலும் அலற வேண்டுமே, அதற்காகப் பெட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பாட்டரி மாதிரி ஒன்று. கரண்ட் இருக்கும்போதெல்லாம் அது சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாட்டரியை மாமா யாரையும் தொட விடமாட்டார். மாதத்துக்கு இரண்டு தடவை அலமாரியைத் திறந்துவைத்து, மூடிகளைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். விளக்கு மாடத்தில் நான் தீக்குச்சி கிழித்தால்கூட, "இது தொறந்து இருக்கறப்ப நெருப்பு கூடாதும்மா, டப்புனு பத்திக்கும்" என்பார். ஆசிட் தெறித்து அவர் வேட்டிகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

அந்தக் கோடையில் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் கயிற்றுக்கட்டிலே கதி. வீட்டில் யாருக்கும் அலமாரி ஞாபகமே வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டு வந்து கூடத்தில் சற்றே கண்ணயர்ந்திருந்தேன். நாற்றம்தான் என்னை எழுப்பியது. அழுகிய முட்டை மாதிரி. கேஸ் என்றுதான் உடனே தோன்றியது. கேஸ் கனெக்‌ஷன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனது அப்படியே நினைவிருந்தது: வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதே, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். நாற்றம் குறையவில்லை. மாமா அறையில் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"மாமா, கேஸ் லீக் ஆகுது. உங்கள வெளிய கொண்டுபோகணும்."

அவர் தலையைத் தூக்கி மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலியே."

"வீடு பூரா நாறுது மாமா!"

"சாக்கடையா இருக்கும். பதறாத."

எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. கூடத்துக்குத் திரும்பினால் மூக்கைத் துளைத்தது. கண் எரிந்தது. காற்று வரட்டும் என்று பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன். பகலிலும் அலாரம் போட்டிருக்கிறது என்பதை மறந்தே போனேன்.

சைரன் அலற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை வீட்டுக்குள் நின்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நிறுத்துகிற சாவி முன்கதவுப் பக்கம் இருந்தது. அதுவும் சுவிட்சுதானே? தொடலாமா? கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டேன்.

"அத நிறுத்தேன்!" என்று மாமா உள்ளிருந்து கத்தினார்.

"மாட்டேன்!" என்று நானும் கத்தினேன். அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு சாண் நகர்ந்தது. அவர் வலியில் முனகினார்.

நல்லவேளை, சைரன் சத்தம் கேட்டுப் பின்பக்க நிலத்து மாட்டுக்காரரும் அவர் மனைவியும் ஓடிவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரிலேயே இருப்பவர்கள். நிலத்தில் பாதி மனைகளாகப் போய்விட, மிச்சத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் தடி.

"இன்னாமா, எவன்? எந்தப் பக்கம் ஓட்னான்?"

"திருடன் இல்ல அண்ணா, கேஸ்! மாமா உள்ள இருக்காரு!"

தடியைப் போட்டுவிட்டுக் கட்டிலின் தலைமாட்டை அவர் பிடித்தார். கால்மாட்டை நானும் அவர் மனைவியும் பிடித்தோம். அறை வாசலில் கட்டில் சிக்கிக்கொண்டது. சாய்த்தால் மாமா உருண்டுவிடுவார். "பெரியவரே, சட்டத்த கெட்டியா புட்ச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒருக்களித்து இழுத்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தபோது மாமாவின் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

மீட்டரும் மெயினும் வீட்டுக்கு வெளியே வராந்தாச் சுவரில் இருந்தன. "இத்த அமுத்திட்றேன்" என்று சொல்லி மாட்டுக்காரர் மெயினை இறக்கினார். சைரன் சட்டென்று ஒரு இழுவை இழுத்து, ஈனமாக முனகி, அடங்கிப்போனது. அவரே உள்ளே போய் சிலிண்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நிலத்துக்கு நடுவில் கொண்டுபோய்ப் போட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாட்டுக்காரர் மனைவிதான் உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "சிலிண்டர்தான் அங்க கீதே, இங்க இன்னும் நாத்தம் கீதுமா."

மாமா கட்டிலில் கிடந்தபடி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். "மெயின இறக்கினதும் சைரன் ஏன் நின்னுது?" என்று கேட்டார்.

"கரண்ட் இல்ல, நின்னுச்சு" என்றேன்.

"கரண்ட் இல்லன்னா பாட்டரியில அடிக்கணும்மா. அதுக்குத்தானே பாட்டரி." கொஞ்சம் நிறுத்தி, வேறு குரலில் கேட்டார்: "எனக்கு வாசனை தெரியாது. ரொம்ப நாளாச்சு, சொல்லிக்கல. நீ போய்ப் பாரு. அடுப்படியில ஜாஸ்தியா, மாடிப்படிக்குக் கீழ ஜாஸ்தியா?"

முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் ஒன்றுமில்லை. மாடிப்படி நெருங்க நெருங்கக் குமட்டியது. அலமாரிக் கதவில் கை வைத்தால் மரம் வெதுவெதுப்பாக இருந்தது. கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டில் புஸ் புஸ்ஸென்று ஏதோ கொதிக்கிற சத்தம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

என் பின்னாலேயே வந்த மாட்டுக்காரர், "இரு, இன்னான்னு பாக்கலாம்" என்று சொல்லி இடுப்பு மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சி வெளியே வந்துவிட்டது. இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்நிய ஆம்பிளையின் கையை நான் அப்படிப் பிடித்ததில் அவர் திகைத்துப் போனார். தீப்பெட்டி கீழே விழுந்து குச்சிகள் சிதறின.

"நெருப்பு கூடாது அண்ணா. டப்புனு பத்திக்கும்."

அவர் குனிந்து ஒவ்வொரு குச்சியாகப் பொறுக்கி, வெளியே எடுத்துக்கொண்டு போனார்.

ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வெளியே காத்திருந்தோம். உடனே வயரைக் கழற்றவே கூடாது, பொறி வரும், சத்தம் முழுக்க அடங்கட்டும் என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தம் அடங்கியதும் மாட்டுக்காரர் தானே போகிறேன் என்றார். மாமா தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்ததில், எந்த வயர் எங்கே என்று எனக்குத்தான் தெரியும். நானே போனேன். மாமா ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்: "கறுப்பு மொதல்ல. ஸ்பேனர் ரெண்டு பக்கமும் சேந்தாப்புல படக்கூடாது." துணி சுற்றிய ஸ்பேனர் என் கையில் வழுக்கியது. கறுப்பு வயர் கழன்றது. பிறகு சிவப்பு. ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சாக்கில் பாட்டரியை வைத்து மாட்டுக்காரர் வெளியே தூக்கிக்கொண்டு போனார். வெயிலில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் இரண்டு பக்கமும் பூரி மாதிரி உப்பியிருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் வேப்பமரத்தடியில் கட்டிலையும், நிலத்துக்கு நடுவே சிலிண்டரையும் பார்த்துவிட்டு சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் பயம் கோபமாக மாறிவிட்டது. "ஃபேக்டரிக்கு ஆள் அனுப்பிச் சொல்லக்கூடாதா? பாட்டரில கைவைக்க ஒனக்கு என்ன தெரியும்?"

"நான்தான் சொன்னேன், அவ செஞ்சா. நீ போய் சிலிண்டர எடுத்துக்கிட்டு வா" என்றார் மாமா. என் கணவர் நிலத்துக்குள் இறங்கிப் போனார்.

புதுப் பாட்டரி வரச் சில நாட்கள் ஆயின. பழையதில் மூடிக்கு ஒன்றாக இருக்கிற அறைகளில் ஒன்று தண்ணீர் வற்றிச் செத்துப்போயிருந்ததாம். பாட்டரி நிறையவில்லை என்று சார்ஜர் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டறைக்காரர் இதைச் சொன்னபோது நான் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. அலாரம் இல்லாத அந்த நாட்களில் எனக்குத் திருடன் பயமே வரவில்லை. மூடிய வீட்டுக்குள் உட்காரத்தான் முடியவில்லை. முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்து போட்டுவிட்டு, எழுந்து எழுந்து போய் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்தில் மாட்டுக்காரர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டு பின்வாசலில் என்னோடு உட்கார்ந்திருப்பார்.

பட்டறைக்காரர் புதுப் பாட்டரியைக் கூடத்து ஜன்னலோரம் பொருத்தினார். பிறகு பின்கதவைச் சாத்திப் பார்க்கப் போனார்.

"பின்கதவ மட்டும் தனியா நிறுத்தி வெக்க ஒரு சுவிட்சு வெச்சுக் குடுங்க. பகல்ல நான் தொறந்துதான் வெப்பேன்" என்றேன்.

"அப்பறம் அலாரம் எதுக்கும்மா?" என்று அவர் மாமாவைப் பார்த்தார்.

மாமா தலையணையில் சாய்ந்தபடி, "அவ கேக்கற மாதிரியே போட்டுக் குடுப்பா" என்றார்.