மைக் அக்கா வாய் திறக்கவில்லை

யானைக் காப்பகத்தின் வாசலில் இறங்கியதிலிருந்து மைக் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வேன் ஓட்டும் அவள் கணவருக்கு அது தாங்கவில்லை.

"உன் வாய மூட ஒரு யானை தேவைப்பட்டிருக்கு பாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வீட்டுலயே ஒண்ணு கட்டிப் போட்டிருப்பேன்."

அக்கா முறைத்தாள். அதோடு சரி.

ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் அவள் அறிவிப்பாளராக இருந்தவள். காணாமல் போன பிள்ளைகள், கதவு மூடும் நேரம் எல்லாம் அவள் குரலில்தான் வரும். சாயங்காலக் காட்சியில் அந்தக் குரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. "எல்லாருக்கும் வணக்கம் சொல்லு!" என்று அவள் மைக்கில் சொன்னதும், பெண் யானை ஒன்று சிமென்ட் மேடையில் மண்டியிடும். என்ன பணிவு என்று கூட்டம் உருகும். பணிவாம்! காதுக்குப் பின்னால் இரும்புக் கொக்கி அழுந்தி நின்றால் எந்த உயிர்தான் பணியாது? பயத்துக்குப் பண்பு என்று பெயர் வைத்துக் கைதட்ட மனிதனால்தான் முடியும்.

அந்தக் கொக்கியை அக்கா பார்த்திருந்தாள். யானையை மீட்க வழக்கு நடந்தபோது ஊழியர்களில் அவள் ஒருத்திதான் சாட்சி சொன்னாள். யானை இந்தக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது; அவளுக்கு வேலை போயிற்று.

இப்போது அது நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் தன் குரல் அதன் காதில் விழக் கூடாது.

இங்கே சவாரி இல்லை, தொட்டுப் பார்ப்பதும் இல்லை. மின்வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம்; யானைக்கு மனசிருந்தால் வரும்.

வந்தது.

"இவளுக்கு முன்னங்கால் முட்டி தேஞ்சுபோச்சு," என்றாள் பராமரிப்பாளர் பெண். "மண்டி போட்டா திரும்ப எழுந்திருக்கிறது கஷ்டம். அதான் படுக்கவே மாட்டா, அந்த மண்மேட்டுல சாஞ்சுதான் தூங்குவா."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். போய்விடலாம் என்று ஜாடை காட்டக் கணவரைத் தேடினாள். அவர் செல்போனில் படம் பிடித்தபடி, சாய்ந்துகொள்ள வாகாக வேலிக் கம்பியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! கரன்ட்! கைய எடுங்க!"

கை விலகியது. யானை நின்றது. காதுகள் விரிந்தன. தலை அக்காவின் பக்கம் திரும்பியது. முன்னங்கால் ஒன்று மெல்ல மேலெழுந்து, முட்டியில் மடங்கியது.

வேண்டாம் என்று கத்த நினைத்தாள். கத்தினால் அதுவும் இதே குரல்தானே? மண்டியிடச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியும். எழுப்புவது கொக்கியின் வேலையாக இருந்தது.

மடங்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

பிறகு யானை காலைத் தரையில் ஊன்றியது. தும்பிக்கை நிறையப் புழுதியை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. திரும்பி, பின்பக்கத்தைக் காட்டியபடி மண்மேட்டை நோக்கி நடந்தது.

அக்கா பராமரிப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் யார் என்று ரகசியம் போலச் சொன்னாள். "என் பேச்சக் கேட்டுருவாளோன்னு உசுரே போயிடுச்சும்மா."

"இங்க வந்தப்புறம் அவ யார் பேச்சையும் கேக்கறதில்லக்கா. குளிக்க வான்னாகூட, அவளுக்குத் தோணினாத்தான்."

"பாத்தியா? என்னை மாதிரியே," என்றார் கணவர்.

அக்கா சிரிக்கப் பார்த்தாள். வேன் ஏறும்வரை அவள் அந்த முதுகையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.