ரங்கூன் தேன்

நல்ல கதை ஒன்றைப் படித்தால் சிவகாமசுந்தரி அத்தையின் முகம் மலராது, சுருங்கும். சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலை அவருக்கு. படம் தொடங்கிக் கூட்டம் உள்ளே போனதும் மடியில் இருக்கும் நாவலைத் திறப்பார். பிடித்த இடம் வந்தால் படக்கென்று மூடிவிட்டு, "எப்படித்தான் தோணுதோ இந்த ஆளுங்களுக்கு!" என்று எழுதியவரைத் திட்டுவார்.

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். கல்யாணம், பிள்ளைகள், சீக்கிரமே போய்விட்ட கணவர், டிக்கெட் சன்னலுக்குள்ளேயே நரைத்துப்போன தலை. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது நான். வாங்கிக்கொண்டு வந்த வாரம் அத்தை கூப்பிட்டு, "மூணு வருசமா என்ன படிச்சே? அதுல ஒரு கதை சொல்லு பார்ப்போம்" என்றார். எனக்குக் கட்டுரைத் தலைப்புகள்தான் நினைவுக்கு வந்தன. கதை ஒன்றும் வாயில் வரவில்லை. அத்தை சிரித்தார். பிறகு தேவானையைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் நான் அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன் சிவகாமசுந்தரி பெண்கள் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் மேல் வகுப்பில் இருந்தாள். அப்பா மருதமுத்து நகராட்சியில் ரோடு போடும் ஆள். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். அந்த ஆண்டு கடைசி விடுமுறைக்கு ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த ஒரு நாவலைத் தானே தேர்ந்து, யார் உதவியும் இல்லாமல் படிக்க வேண்டும். படித்ததைச் சுருக்கி எழுதினால் மதிப்பெண் இல்லை. அதிலிருந்து எதையாவது செய்துகொண்டு வர வேண்டும். புதிதாக ஓர் அட்டை, கதை நடக்கும் ஊரின் வரைபடம், பாத்திரம் எழுதிய நாட்குறிப்பு, வேறொரு முடிவு, எதுவானாலும் சரி.

அந்த விடுமுறைக்கு முடிவே வரவில்லை. குண்டு விழுந்தது, பட்டாளம் வந்தது, பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இருந்தால் ஆபத்து என்று பேச்சு. சிவகாமசுந்தரி பாதி படித்திருந்த நாவலை அப்பா பிஸ்கட் டின்னில் போட்டுக் கோழிக்கூட்டின் அடியில் புதைத்தார். அவள் அதற்காக அழுததுபோல் அரிசி இல்லாததற்குக்கூட அழவில்லை.

அடுத்த ஆண்டு, வகுப்பில் கூடப் படித்த மூன்று பெண்களோடு அவள் மறுபடி சேர்ந்தாள். தேவானை, அவளுடைய சித்தி மகள் இந்திரா, அடுத்த வீட்டுப் பத்மினி. மூவரும் கம்போங் செட்டிப் பெண்கள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி. கோயில் திருவிழா, விபூதி, பொங்கல் எல்லாம் உண்டு; தமிழ் மட்டும் கிடையாது. பேச்செல்லாம் மலாய். அவர்கள் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது சிவகாமசுந்தரிக்குப் பாதிதான் புரியும். தோட்டத்து வரிசை வீட்டிலும் பாசார்க் கடைத்தெருவிலும் பொறுக்கிய மலாய் அவளுடையது.

தேவானையைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். தேவானையின் கெபாயா மேல்சட்டையில் குத்தியிருந்த அலங்கார ஊசிகளைப் பார்த்து எரிந்தது. சொந்த வீடு, கிணறு, சத்தமாகச் சிரித்தாலும் அதட்டாத அம்மா, எல்லாவற்றுக்கும் எரிந்தது. ஆனால் படிப்பில் தேவானை பின்வரிசை. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

பத்மினியின் அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். சண்டைக்கு முன் வாங்கிய படம் வரையும் நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு கோடுகூடப் போடாத கெட்டித்தாள். ஊரில் வெறுந்தாளே கிடைக்காத காலம். மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போது பத்மினிதான் ஆரம்பித்தாள்.

"டீச்சர் கொடுத்த வேலையை நாமே செஞ்சா என்ன? யாரோடது நல்லா இருக்கோ, அவளுக்கு இந்த நோட்டு. அவ அதுல நிஜப் புஸ்தகமா செய்யட்டும்."

"படிக்க நாவல் எங்கேடி இருக்கு?" என்றாள் இந்திரா.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு," என்றாள் சிவகாமசுந்தரி.

இருந்தது தமிழ் நாவல். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த யாரோ அப்பாவிடம் விட்டுப்போனது. அட்டை இல்லை, பெயர் தெரியாது, கடைசிப் பக்கங்களைக் கடைக்காரர் யாரோ சாமான் மடிக்கக் கிழித்திருந்தார். ஆகவே நால்வரும் ஆளுக்கொரு முடிவு சொல்வது என்று ஏற்பாடு. சிவகாமசுந்தரி படித்து மலாயில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். நோட்டு தனக்குத்தான் என்று அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். அந்தத் தெருவில் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. முன்னட்டையில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்தாள்.

தேவானை வீட்டுச் சமையலறையின் பின்பக்கம்தான் வாசிப்பு. மத்தியானம் கிழங்கு உரித்துக்கொண்டே மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்திருப்பார்கள். "வாழ்க்கையிலே என்னை அப்படி யாரும் பார்த்ததில்லே, என் புருசன் உட்பட," என்றார் அத்தை.

கதை ஒரு மனைவியைப் பற்றியது. கணவன் ரங்கூனுக்குச் சம்பாதிக்கப் போகிறான். அவள் ஏசிக்கொண்டே இருக்கும் மாமியாரோடு காத்திருக்கிறாள். கிழிந்த இடத்துக்கு முந்தைய பக்கத்தில் அவன் திரும்பி வருகிறான், அவளுக்காகத் தேன் கொண்டு வருகிறான். 'பத்திரமாக உள்ளே வை' என்கிறாள் மாமியார். மனைவி அதைச் சமையலறையில் வைக்கிறாள், எறும்பு வராமல் சுற்றிலும் தண்ணீர் ஊற்றுகிறாள்.

தேனுக்கு மலாயில் மடு. மருந்துக்கடையில் கேட்டுப் பழகிய சொல். தமிழில் மது என்றாலும் தேன்தானே என்ற தைரியம் வேறு. "ரங்கூன்லேருந்து புருசன் அவளுக்கு ஒரு மடு கொண்டு வந்தான்," என்று மலாயில் சொன்னாள்.

கத்திகள் நின்றன. இந்திரா வாயில் கை வைத்தாள்.

"அப்புறம்?" என்றாள் தேவானை, மெதுவாக.

"மாமியார், பத்திரமா உள்ளே வைன்னு சொன்னா. இவ கொண்டுபோய்ச் சமையல்கட்டுல வெச்சா."

"ஐயோ, அந்தக் கிழவி!" என்றாள் பத்மினி.

எறும்புக்கு மலாய்ச் சொல் அந்த நேரத்தில் வரவில்லை. அதனால் எறும்பை விட்டுவிட்டாள். அவர்கள் முகத்தில் கண்டது தன் வாசிப்பின் மகிமை என்று நினைத்து வீடு வரை துள்ளிக்கொண்டு போனாள்.

முடிவு சொல்லும் நாளில் இந்திராவும் பத்மினியும் ஏதோ சொல்லிச் சிரித்து விலகிக்கொண்டார்கள். சிவகாமசுந்தரி மனைவியின் நாட்குறிப்பாகச் சொன்னாள். கணவன் இனிக் கப்பல் ஏறுவதில்லை என்று மனம் திருந்துவான், மாமியார் மன்னிப்புக் கேட்பாள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. "நல்லா இருக்கு," என்றாள் இந்திரா. அப்படிச் சொல்லிவிட்டுக் கொட்டாவியை விழுங்கினாள்.

தேவானை எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. கிழங்குத்தோலைக் குவித்தபடி சொன்னாள்.

ரங்கூனிலிருந்து வந்தவளுக்கு அந்த வீட்டு மொழி தெரியாது. ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவாள், மூத்தவள் அதற்குப் பெயர் சொல்ல வேண்டும். மூத்தவளுக்கு எரிச்சல். உப்பைக் காட்டினால் மிளகாய் என்பாள். தண்ணீரைக் காட்டினால் நெருப்பு என்பாள். வந்தவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சிரிப்பாள். ஒருநாள் கணவன் உப்பு கேட்க, அவள் மிளகாயைக் கொண்டுவந்து வைக்க, அவன் அடிக்கிறான். அவள் அழுதுகொண்டு 'நெருப்பு, நெருப்பு' என்கிறாள். யாருக்கும் புரியவில்லை. அவள் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள் என்று மூத்தவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து போய் மொண்டு கொடுக்கிறாள். கணவன் மறுபடி கப்பல் ஏறிப் போனபின்பும் இருவரும் அந்தத் தப்பான பெயர்களிலேயே பேசிக்கொள்கிறார்கள்.

இந்திரா அழுதாள். பத்மினி மூக்கைச் சிந்தினாள். சிவகாமசுந்தரியும் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீர்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பின்வரிசைக்காரிக்கு எப்படித் தோன்றியது?

"ரங்கூன்காரி யாரு? அப்படி ஒருத்தி எங்கே வந்தா?" என்றாள்.

"நீதானே சொன்னே, புருசன் மடு கொண்டு வந்தான்னு."

"மடுன்னா தேன்!"

"தேனுந்தான். ஒருத்தனுக்கு ரெண்டு பெண்டாட்டின்னா, ஒருத்திக்கு ஒருத்தி மடு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆனந்தம். புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள். "இங்க பாருங்க, தேன்! தேனீ கட்டுற தேன்! எறும்பு வரக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி வெச்சா. இவ சொன்னது மொத்தமும் தப்பு. கதையையே புரிஞ்சிக்கலே. நோட்டு எப்படி இவளுக்குக் கொடுப்பீங்க?"

பத்மினி கத்தியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அலாமாக்! ஒரு ஜாடித் தேனுக்கா நான் அழுதேன்?" சிவகாமசுந்தரியும் கூடச் சிரித்தாள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

இந்திரா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ அந்தப் பொம்பளை புஸ்தகத்திலேயே கிடையாதா?"

"கிடையவே கிடையாது!"

"அப்போ தேவானை, நீயேவா உண்டாக்கினே? அவளை, அந்த உப்பு மிளகாயை, எல்லாத்தையும்?"

தேவானைக்கே அது அப்போதுதான் தெரிந்தது. யாரோ எழுதிய கதைக்கு வால் ஒட்டியதாகத்தான் அதுவரை எண்ணியிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்மினி தன் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள்.

"அந்த மூஞ்சியை இன்னும் மறக்கலே," என்றார் அத்தை. "நானே என் வாயாலே அவளை எழுத்தாளி ஆக்கிட்டேன்."

சிவகாமசுந்தரி நாவலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இனி ஒரு வரி படித்துக் காட்டுவதில்லை என்று சபதம். ஆனால் தேவானைக்கு அந்த நாவல் இனித் தேவைப்படவில்லை. பாசாரில் கிழங்கு வரிசையில் நின்றபோது இந்திரா சொல்லிக்கொண்டிருந்தாள்: முதல் அத்தியாயம் முடிந்துவிட்டதாம், பக்கத்துக்குப் பக்கம் படமாம், பெரியவர்கள்கூட உட்கார்ந்து கேட்கிறார்களாம். கேட்கக் கேட்க இவளுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கச் சோறும் அதிகம் இல்லை. வீட்டில் தானும் ஒரு ரங்கூன்காரியை உண்டாக்கிப் பார்த்தாள். அவள் எழுந்து நடக்க மறுத்தாள்.

கடைசியில், கோழிமுட்டை கொடுத்துக் கிழங்கு மாற்றப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தேவானை வீட்டுக்கே போனாள். ரங்கூன்காரி அடுத்து என்ன செய்தாள் என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அத்தைமேல் பொறாமையாக இருந்தது. நான் படித்த எதற்காகவும் அப்படி ஒருவர் வாசலில் போய் நின்றதில்லை. அந்தப் பசி என்னிடம் எப்போதாவது இருந்ததா, பரீட்சைதான் இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

தேவானை தரையில் குப்புறப் படுத்து அடுப்பு ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கோபம் காட்டவில்லை. அதற்கும் எரிந்தது.

"நல்ல வேளை வந்தே. உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். மடுவுக்குத் தமிழ்ல என்ன? தேன் இல்லே, மற்றது."

சிவகாமசுந்தரி அவளை நேராகப் பார்த்தாள். வாய் நிறைய, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். "சக்களத்தி."

"சக்களாத்தி." தேவானைக்கு அந்த ஒலி பிடித்துவிட்டது. இரண்டு மூன்று முறை சொல்லிச் சிரித்தாள். "சண்டை போடுற மாதிரியே இருக்கு! அதையே பேரா வெச்சுடுவோம். ஆனா தமிழ் எழுத்துல இருக்கணும். இங்க யாருக்கும் எழுத வராது. நீ எழுது."

முன்னட்டையைத் திருப்பிப் பென்சிலை நீட்டினாள். அட்டையின் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. அங்கே ஆசிரியர் பெயர் வரும் என்று எவருக்கும் தெரியும்.

சிவகாமசுந்தரி உட்கார்ந்தாள். முதல் எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் போட்டாள். அடுத்ததை அதைவிடப் பெரிதாக. சொல்லை இரண்டாக உடைத்து, மேலே பாதி, கீழே பாதி, கடைசிச் சுழியை ஓரம் வரை இழுத்து முடித்தாள். அட்டையில் ஓர் எறும்பு உட்காரக்கூட இடம் இல்லை.

தேவானை நோட்டைத் தூக்கிப் பிடித்து, தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகு!" என்றாள். பிறகு அதைத் திருப்பி, பின்னட்டையில் தன் பெயரைச் சின்னதாக எழுதினாள்.