வலப்பக்கக் கரை

1972, ஐப்பசி, தீபாவளிக்கு முதல் நாள்: அதிரசம் சுடும்போது கொதிக்கும் எண்ணெய் அவளுடைய வலக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் பட்டது. கொப்புளம் எழுந்த பிறகே அவள் பார்த்தாள்.

1972, கார்த்திகை, மூன்றாம் ஞாயிறு: என்னிடம் சொன்னாள். வேறு எவரிடமும் சொல்லவில்லை.

1973, மாசி, முதல் வாரம்: அவள் மகளின் முகூர்த்தச் சேலைக்குப் பாவு தறியில் ஏறியது.

1973, மாசி, அமாவாசைக்கு முதல் நாள்: அந்தச் சேலையின் வலப்பக்கக் கரையை ஒரு முழம் நான் நெய்தேன்.

1973, மாசி, அமாவாசை: சம்பந்தி அம்மாள் வந்து சேலையைப் பார்த்தார். திருப்தி என்றார்.

1973, பங்குனி, அமாவாசை: காலை ஏழு மணியளவில் கிணற்றடியில் விழுந்தாள். நான்காம் நாள் சென்னையில் இறந்தாள். வயது ஐம்பத்தொன்று.

இவை என் நாட்குறிப்பில் உள்ளவாறே எடுத்தெழுதப்பட்டவை. நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்டவற்றை இப்போது எழுதுகிறேன்.

அவள் என் தாயின் கடைசித் தங்கை, எனக்குச் சித்தி. ஆனால் என்னைவிடப் பதினோரு மாதமே மூத்தவள். ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பள்ளிக்குப் போனோம். எட்டாம் வகுப்போடு அவள் நின்றாள், நான் தொடர்ந்தேன். சென்னையில் ஒரு கல்லூரியில் தர்க்கவியல் கற்பிக்கும் வேலை கிடைத்த பிறகும், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் போய் அவள் வீட்டில் சாப்பிட்டேன். என் மனைவி இறந்த ஆண்டில் எல்லா ஞாயிறும் போனேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் மேல் என்னோடு சண்டை போட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக நெய்கிற தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். சித்தப்பா நடுவில் அமர்ந்து உடலையும் இடப்பக்கக் கரையையும் நெய்வார். வலப்பக்கக் கரைக்கு நூல் கொண்டு ஓடும் கட்டை, அதாவது நாடா, சித்தியின் கையில். நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கரையின் நூலும் உடலின் நூலும் ஒன்றையொன்று கவ்வும்படி விரலால் வளைத்துவிட வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். கவ்வல் இறுக்கமாக இருந்தால் துணியின் அடிப்புறத்தில் ஒன்றும் தெரியாது. தளர்ந்தால் அங்கே சிறு கண்ணிகள் தொங்கும். சிறுவயதில் என் தாத்தாவின் தறியில் அவளும் நானும் மாறிமாறி அந்த வலப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அவள் விரல்களைப் பார்த்து நெய்ததே இல்லை. வாசலைப் பார்த்து, என்னைப் பார்த்து, போகிறவர் வருகிறவரைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே நெய்வாள்.

கார்த்திகையில் அந்த ஞாயிறு நான் உள்ளே போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு இல்லை. அவள் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது, அடியில நூலு தொங்குது? தூங்கிக்கினு போடறியா?" என்றார் சித்தப்பா.

"ஈரம். மழையில பட்டு தொய்யுது. உன் கண்ணுக்கு எம்மேலதான் தப்பு தெரியும்."

சித்தப்பா அதை நம்பினார். நம்பத்தக்க காரணம்தான். மழைக்காலத்தில் பட்டு இளகும். அவர் ஒரு குமுட்டி அடுப்பில் கரியைக் கனியவைத்து, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் கீழே கொண்டுவந்து வைத்தார்.

சாப்பாடு முடிந்ததும் அவள் என்னைக் கிணற்றடிக்கு அழைத்தாள். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"குத்து."

"இன்னா சித்தி, வெளாட்டு?"

"குத்துடான்றேன்." வலக்கையை நீட்டினாள், முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டாள்.

குத்தினேன். விரல் நுனியில் ஒரு பொட்டு இரத்தம் நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்திட்டியா?" என்று கேட்டாள்.

எண்ணெய் பட்ட கதையை அப்போதுதான் சொன்னாள். பிறகு, "அதுதானே?" என்றாள். 'அது' என்பதன் பெயரை இருவரும் சொல்லவில்லை. முந்தின ஆண்டு இரண்டு தெரு தள்ளிச் சாயம் தோய்க்கும் ஒருவருக்கு விரல் மரத்தது. பெருநோய் என்று செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவருடைய இரண்டு பெண்களையும் அதன்பின் எவரும் கேட்டு வரவில்லை. சித்தியின் ஒரே மகளுக்குக் காஞ்சியை அடுத்த செவிலிமேட்டில் மாப்பிள்ளை உறுதியாகியிருந்தது. வைகாசியில் கல்யாணம்.

"தாலி ஏறட்டும். அப்புறம் என்னை எங்க வேணா கொண்டும்போ. அதுக்குள்ள வாயத் தொறந்தே, நீ எங்க அக்கா புள்ள இல்ல."

"டாக்டர்கிட்ட மட்டும் காட்டலாம். மெட்ராஸ்ல யாருக்குத் தெரியப்போவுது?"

"அங்க போயி இங்க திரும்பி வர்றதுக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுடும். நீ படிச்சவன்டா, ஆனா இந்தத் தெருவப் படிக்கல."

நான் ஒப்புக்கொண்டேன்.

சென்னைக்குத் திரும்பியதும் கல்லூரி நூலகத்தில் மருத்துவ நூல் ஒன்றை எடுத்தேன். எங்களுக்கு முன்பே தெரிந்திருந்த அந்த ஒரு பெயரைப் பொருளடக்கத்தில் தேடி, அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்தேன். உணர்ச்சி மரத்தல் பொருந்தியது. தோலில் படை இருக்கும் என்றிருந்தது, அவளுக்கு இல்லை. இனிமேல் வரலாம் என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தையில் தலைவலி என்றாள். விரலை உற்றுப் பார்த்து நெய்வதால் கண்ணுக்குச் சிரமம் என்று முடிவுசெய்து, தங்கச்சாலைத் தெருவில் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு, "இப்ப நாந்தான் புரொபசர்" என்றாள். ஒரு காரணம் பொருந்துகிறது என்பதற்காக ஏனைய காரணங்களைத் தேடாமல் விடுவது பிழை என்று அதே பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்தது. வியாபாரிக்கு நெய்துகொடுக்கும் வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் மட்டும் வீட்டிலிருந்த இரண்டாம் தறியில் மகளின் சேலையை நெய்தார்கள். மழை நின்று வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் அடியில் கண்ணிகள் தொங்கின. சித்தப்பா பாவின் இழுப்பைக் கூட்டினார். நூலை அடித்து நெருக்கும் அச்சை மாற்றினார். நாடாவைத் தேய்த்து வழவழப்பாக்கினார். நெசவுக்காரர்கள் நாங்கள். துணியில் குறை தெரிந்தால் பட்டிலும் மரத்திலும் கயிற்றிலும்தான் காரணம் தேடுவோம். உட்கார்ந்திருப்பவளின் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய ஒருவனுக்கு உண்மை தெரிந்தே இருந்தது.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்று சம்பந்தி அம்மாள் வருவதாகச் சொல்லியனுப்பினார். அவரும் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் தெருக்களில் முகூர்த்தச் சேலையை மேலே பார்த்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் இல்லை. தறியின் கீழே கைவிட்டு அடிப்புறத்தைத் தடவிப் பார்ப்பார்கள். அது அவமதிப்பு அன்று, முறை.

முதல் நாள் ஞாயிறு. நான் உள்ளே நுழைந்ததும் சித்தி சொன்னாள்: "அந்தம்மா நாளைக்குத் தடவும். இன்னா கையின்னு கேக்கும்." சட்டையைக் கழற்றிவிட்டு நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாபா, சாக்பீஸ் புடிச்ச கை நாடா புடிக்குமா?" என்று சித்தப்பா சிரித்தார்.

"புடிக்கும், புடிக்கும். அவனுக்கு ரொம்ப நாளா ஆசையாம். நீ ஓட்டு," என்றாள் அவள்.

முதல் அரை மணி நேரம் தடுமாறினேன். பிறகு விரல்கள் தாமாகவே பழைய பழக்கத்துக்கு வந்தன. அவள் என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். கார்த்திகைக்குப் பிறகு தறியருகே அவள் பேசியது அன்றுதான். எதிர்வீட்டுக்காரர் பேருந்தில் குடையை விட்டுவிட்டு வந்து மனைவியைக் குற்றம் சொன்னது, வருகிற கருட சேவைக்கு யார் யார் வந்து தங்கப்போகிறார்கள், தொடர்கதையில் அந்தப் பெண் ஏன் அவ்வளவு முட்டாளாக இருக்கிறாள் என்று மாலைவரை ஓயவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைக்காமல் எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முழம் நெய்திருந்தோம். நெய்த துணியைச் சுற்றும் மரத்தைச் சித்தப்பா திருப்பினார். அவளுடைய தளர்ந்த கண்ணிகள் எல்லாம் மரத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போயின.

மறுநாள் சம்பந்தி அம்மாள் குனிந்து, கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நான் கதவருகே நின்றேன். சித்தி வலக்கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"கோர்வை நல்லா கெட்டியா இருக்குது. யார் கையிம்மா, உங்களுதா?"

"நம்ம வீட்டுக் கைதாம்மா."

அன்று மாலை என்னை வழியனுப்பத் தெருமுனைவரை வந்தாள். மருத்துவரிடம் காட்டலாமா என்று நான் மறுபடி கேட்டேன். இம்முறை அவள் மறுக்கவில்லை. "கண்ணாடி மாத்தணும்னு சொல்லிக்கினு வரேன். பங்குனி மொத சனிக்கிழமை. நீயே வந்து கூட்டிக்கினு போ," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருப்பதாகவும் மூன்று வாரம் கழித்து வருவதாகவும் அஞ்சலட்டை எழுதினேன். வேலை இருந்தது உண்மை. ஒரு நாள் அதை ஒதுக்கிவைத்திருக்க முடியும் என்பதும் உண்மை. மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால், அதைக் கல்யாண வீட்டுக்கு நான் சுமந்துவர நேரும் என்று அஞ்சினேன். பதில் அட்டை வந்தது: "சரிடா. அவசரமில்லை." இரண்டே வரி. எழுத்துகள் கோட்டைவிட்டுச் சரிந்து கீழே போயிருந்தன. அதையும் பார்த்தேன்.

தந்தி கிடைத்து நான் மருத்துவமனைக்குப் போனபோது சித்தியை வாடகைக் காரில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவளுக்கு நினைவு இல்லை. பெரிய மருத்துவர் வெளியே வந்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். தலைக்குள் இடப்புறம் கட்டி. அதனால்தான் வலது பக்கம் செயலிழந்திருக்கிறது. கை மரத்ததுண்டா, எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்: ஐந்து மாதமாக. முன்பே கொண்டுவந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பெருநோயாக இருக்குமா என்று கேட்டேன். அதற்கான அடையாளமே உடம்பில் இல்லை என்றார்.

சித்தப்பா என் தோளருகே நின்று இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா சொல்றாரு?"

"தலைக்குள்ள கட்டியாம், சித்தப்பா. முன்னாடியே தெரிய வழியில்லையாம்."

கல்யாணத்தைத் தள்ள வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். சேலை முடிய ஒன்றரை முழம் இருந்தது. சித்தப்பா நடுவில், நான் வலப்பக்கத்தில். இரண்டு நாளில் முடித்தோம். அறுத்து மரத்திலிருந்து பிரித்தபோது சேலை முழுவதும் பாயில் விரிந்தது. சித்தப்பா அதைப் புரட்டிப் போட்டு, வலப்பக்கக் கரையின் அடியில் தலைப்பிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இது உன் கை."

"ஆமாம்."

"இதுக்கு முன்னால தொங்குது. பின்னால இன்னும் ஜாஸ்தியா தொங்குது." விரலை எடுக்காமலே கேட்டார்: "மாசி மாசத்துல ஏதுபா ஈரம்?"

நான் பாயின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

"நான் அவளைத் திட்டிக்கினே இருந்தேன். தூங்கறியான்னு கேட்டேன். உங்கிட்ட எதுனா சொன்னாளா?"

"இல்ல, சித்தப்பா."

அவர் தலையசைத்தார். சேலையை மடித்தார். வைகாசியில் சித்தியின் மகள், என் தங்கை, அதை உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். ஆவணியில் சித்தப்பா இரண்டு தறிகளையும் விற்றுவிட்டுச் செவிலிமேட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கார்த்திகையில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் சாப்பிட்டுவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்தேன்.

செய்யாமல் நிற்பவை:

1. மருத்துவமனை கொடுத்த தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் சித்தப்பாவுக்குத் தமிழில் படித்துக்காட்டுவது.

2. கண்ணாடியைத் தங்கை பத்திரமாக வைத்திருக்கிறாள், அம்மாவின் பொருள் என்று. அது ஏன் வாங்கப்பட்டது என்று அவளுக்குச் சொல்வது.

3. சேலையின் அடியில் தொங்கும் கண்ணிகளை ஊசியால் இழுத்துக் கட்டக் கொடுக்கப்போவதாக அவள் எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்று உடனே பதில் எழுதுவது.

4. செவிலிமேட்டுக்குப் போய், சாப்பிட உட்காருவதற்கு முன்பாக, "சொன்னாள்" என்று சொல்வது.