ஃபஹாஹீலில் எங்கள் வீட்டுச் சையதப்பா

குவைத்தில், எங்கள் ஃபஹாஹீல் வீட்டில் டிவிக்கு நேராகக் காலை நீட்டி உட்கார நான் யாரையும் விட்டதில்லை. மச்சானுக்கும் அதே சட்டம்தான். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கணவரை மச்சான் என்றுதான் சொல்வோம். நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்றுவிட்டு வந்து சோபாவில் சாய்ந்து காலை நீட்டுவார். "மடக்குங்க, எழுத்து ஓடுது" என்பேன். ஓடியது இங்கிலீஷ் படம்; அதன் அடியில் அரபியில் வசனம் வரும். சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவள் நான். அரபு எழுத்துள்ள காகிதம் தரையில் கிடந்தால் எடுத்து உயரத்தில் வைத்துப் பழகிய கை இது. குவைத்துக்கு வந்த புதிதில் சோப்பு உறை, பால் டப்பா, சிப்ஸ் பாக்கெட் எதையும் குப்பையில் போட மனசு வராமல் சமையல்கட்டு அலமாரியில் அடுக்கி வைத்தேன். ஒரு நாள் மச்சான் அலமாரியைத் திறக்க, எல்லாம் அவர் தலையில் கொட்டின. "புள்ள, இது சோப்புக்காரன் எழுதினது, ஓதுற எழுத்து இல்லே" என்று அன்றைக்குத்தான் விளக்கினார். சோப்பு விஷயத்தில் ஒப்புக்கொண்டேன். டிவி விஷயத்தில் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கத்து நாட்டில் போர் மூண்ட வருடம் அது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, சைரன் அடித்தால் குளியலறைக்குள் போய் உட்கார்ந்தோம். பலபேர் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. கடையை விட்டு மச்சான் வர மாட்டார், மச்சானை விட்டு நான் போக மாட்டேன். அந்த அடைபட்ட நாட்களில்தான் டிஷ்ஷில் புதிதாக ஒரு சேனல் கிடைத்தது. எந்நேரமும் இங்கிலீஷ் படம்.

மகள் அப்போது ஆறாவது படித்தாள். என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு குவைத்துக்கு வந்தபோது அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பிறகு வருடத்துக்கு வருடம் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. உம்மா மம்மி ஆனேன். நான் தமிழில் கேட்பேன், அவள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். எங்கள் ஊரில் 'இருக்கு' என்பதை 'ஈக்கிது' என்போம். "சோறு ஈக்கிது, வா" என்றால், "ஈ குத்துதா மம்மி?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு நாள் தோழியோடு அவள் ஃபோனில் பேசுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நான் பெற்ற பிள்ளை என்ன பேசுகிறாள் என்று எனக்கே விளங்கவில்லை. இப்படியே போனால் என் வீட்டுக்குள் இருந்துகொண்டே இவள் எனக்கு யாரோ ஆகிவிடுவாள் என்று பயம் வந்தது. சரி, அவள் தமிழுக்கு இறங்கி வர மாட்டாள், நான் இங்கிலீஷுக்கு ஏறிப் போகிறேன் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சேனலை வைத்தே படிக்கத் தொடங்கினேன். வசனம் காதில் விழும், அரபு எழுத்து கண்ணில் ஓடும், எனக்கு அர்த்தம் தெரிந்த ஒன்றிரண்டு சொற்கள் அதில் அகப்படும். ஓதுகிற அரபியில் எழுத்துக்கு மேலும் கீழும் குறி போட்டிருக்கும். டிவி அரபிக்குக் குறியே கிடையாது, மொட்டையாக ஓடும். தட்டுத்தடுமாறி ஒரு வரியைப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்.

அந்தப் படங்களில் ஒருவர் அடிக்கடி வந்தார். பெயர் தெரியாது. பெயர் ஓடும்போதுதான் நான் உலையைப் பார்க்க எழுந்து போவேன். உயரமான ஆள், ஒல்லி, காது கொஞ்சம் விரிந்திருக்கும். யாராவது அசட்டுத்தனமாகப் பேசினால் இடது புருவம் மட்டும் ஒரு நூல் மேலே ஏறும். அந்தப் புருவத்தை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடிப்பேன். சேனல்காரனுக்கு வயதுக் கணக்கே கிடையாது. திங்கட்கிழமை தலை நரைத்த நீதிபதியாக வருவார். புதன்கிழமை கறுப்பு வெள்ளையில் மீசை முளைக்காத சிப்பாயாக வந்து, வந்த வேகத்தில் செத்துப்போவார். டாக்டர், கப்பல் அதிகாரி, பாதிரியார், பெண் கேட்டு வந்து தோற்றுப்போகிற மாப்பிள்ளை என்று எல்லாம் ஆனார். கதாநாயகன் மட்டும் ஆகவில்லை. எந்தப் படத்திலும் அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை. "இத்தனை வயசாச்சே, பாவம், ஒரு பொண்ணு அமையலியே" என்று நான் அங்கலாய்த்தால் மச்சான் சிரிப்பார். ஒரு மனிதனின் ஆயுசை யாரோ சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து என் முன்னால் போட்டார்கள். நான் சமையலுக்கு நடுவே அதை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயது ஏற ஏற அவருக்கு ஒரே மாதிரி வேடம் வந்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, பெரிய மாளிகை. எனக்கு உயிரே அந்தப் படங்கள்தான். மாளிகையில் ஒரு கூட்டம் சட்டை கசங்க, குடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருக்கும். இவர் குரலை உயர்த்த மாட்டார். அவர்கள் சாப்பிடும்போது உட்கார மாட்டார். தானே தட்டை ஏந்தி வந்து, ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டுப் பரிமாறுவார். எங்கள் ஊர் விருந்தில் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்வார். விருந்தாளி கை கழுவுமுன் அவர் உட்கார்ந்துவிட்டால் குடும்பத்துக்கே கேவலம். ஆகவே மாளிகை இவருடையது, மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கண்ணாடிக் குப்பியிலிருந்து அவர் ஊற்றிக் கொடுப்பது என்ன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொட்டுகூட அவர் வாயில் வைத்ததில்லை. இதற்காகவே கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரு சொல் இருந்தது. அவர் வாய் திறந்தாலே கீழே 'ஸய்யிதீ' என்று எழுத்து வரும். நபிகளாரின் வழிவந்தவர்களை எங்கள் ஊரில் சையது என்போம். வயதானவரானால் சையதப்பா. படத்தில் வேறு யார் பேசினாலும் வராத எழுத்து இவர் பேசும்போது மட்டும் வருகிறது. அரபிக்காரனே எழுதிக் காட்டுகிறான், அப்புறம் என்ன? ஏதோ ஒரு காலத்தில் ஒரு சையது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போயிருக்கிறது என்று தீர்மானித்தேன். அவர் வந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொள்வேன். "இன்னைக்குச் சையதப்பா படம்" என்றால் மச்சான் சொல்லாமலே காலை மடக்கிக்கொள்வார்.

அவருடைய இங்கிலீஷைத்தான் நான் பாடம் பண்ணினேன். மற்றவர்கள் வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசினார்கள். இவர் ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைத்தார். யார் என்ன சொன்னாலும் 'வெரி குட், சர்', 'வெரி குட், மேடம்'. அறையை விட்டுப் போகுமுன் கைகளைப் பின்னால் கட்டி, தலையை லேசாகச் சாய்த்து, 'வில் தட் பி ஆல், மேடம்?' என்பார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார். அது அரபி இல்லாமலே புரிந்தது. அந்தம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், 'தட் வில் பி ஆல்' என்பாள். அவர் போய்விடுவார். மகள் பள்ளிக்கும் மச்சான் கடைக்கும் போன பிறகு, சமையல்கட்டுத் தொட்டியில் கிடந்த வாவல் மீனிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே கேட்டுப் பழகினேன்.

மறு வருடம் பள்ளியில் பெற்றோர் மீட்டிங் வந்தது. வழக்கமாக மச்சான்தான் போவார். அன்று கடைக்குச் சரக்கு வருகிற நாள். மகள் விடவில்லை.

"டாடியே வரட்டும். மம்மி வேணாம். மிஸ் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க."

அந்த 'வேணாம்' நெஞ்சில் தைத்தது. பெருநாளைக்குத் தைத்த அபாயாவை எடுத்து உடுத்திக்கொண்டு, "நான்தான் வாறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

டீச்சர் கேரளத்துக்காரர், கண்டிப்பானவர். நான் நிமிர்ந்து நின்று, "குட் ஆஃப்டர்நூன், மேடம். ஐ டிரஸ்ட் யூ ஆர் வெல்" என்றேன். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மகள் வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கணக்கில் மார்க் குறைவு என்றார் டீச்சர். "வெரி குட், மேடம்" என்றேன். வகுப்பில் ஓயாத பேச்சு என்றார். "வெரி குட், மேடம்." வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா என்று கேட்டார். "வெரி குட், மேடம்." கடைசியில் கையைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து, "வில் தட் பி ஆல், மேடம்?" என்றேன். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்ற தாய் தகப்பன்மார் சிரித்தார்கள். என்னை மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்சியில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"மம்மி, யூ டாக் லைக் எ சர்வன்ட்."

"யாரு புள்ள சர்வன்ட்? சையதப்பா பேசுற இங்கிலீஷாக்கும் அது."

"அவரே அந்த வீட்டு சர்வன்ட்தான் மம்மி! எல்லாரையும் சர், சர்னு கூப்பிடுறாரு. அதுதான் கீழே ஸய்யிதீன்னு வருது. ஸய்யிதீன்னா சர். எங்களுக்கு அரபிக் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க."

மற்றவர்களை அவர் எஜமானே என்று கூப்பிட்ட சொல்லை, அவருடைய சொந்தப் பட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அந்தக் கறுப்புக் கோட்டில் எனக்கு ஆளும் தெரியவில்லை, அவர் கையிலிருந்த தட்டும் தெரியவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களைக் குவைத்தில் கத்தாமா என்பார்கள். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றப் போய், அவள் டீச்சர் முன்னால் கத்தாமா மாதிரிக் கை கட்டி நின்றிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. சையதப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஏதோ அந்த மனிதர் என்னிடம் பொய் சொல்லிவிட்டது போல.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் படம் வந்தது. வேண்டுமென்றே டிவிக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மச்சான் என் காலையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன புள்ள, சையதப்பாவோட சண்டையா?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் மட்டும் யாராம்? காலையிலேர்ந்து கடை வாசல்ல நின்னுக்கிட்டு, வாறவன் போறவனையெல்லாம் தஃபழ்ழல், தஃபழ்ழல்னு குனிஞ்சு உள்ளே கூப்பிடுறேன். வாங்காமப் போனாலும் சிரிக்கிறேன். அதுலதான் இந்த வீட்டுல உலை கொதிக்குது. அவரு டியூட்டிய அவரு பாக்குறாரு. காலை மடக்கு."

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வாப்பா வெளியே நின்று குனிகிறவர் என்று அதுவரை அவள் நினைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வந்து சோபாவின் மறுகோடியில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நானும் மடக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துப் படத்தில் சையதப்பா ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. மகளே நொண்டித் தமிழில் சொன்னாள்: "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றாரு."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்துதான் பார்த்தோம். அவள் அர்த்தம் சொல்வாள், புருவம் ஏறும்போது இருவரும் ஒன்றாகச் சிரிப்போம். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, "வில் தட் பி ஆல், மேடம்?" என்று என்னைப் பகடி பண்ணுவாள். நானும் மகாராணி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தட் வில் பி ஆல்" என்பேன். ஆனாலும் மம்மி மம்மிதான். ஈக்கிது என்றால் சிரிப்புதான். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் கல்லூரிக்குப் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. ஃபோன் பண்ணினால் 'ஃபைன் மம்மி', 'ஓகே மம்மி' என்பதோடு சரி. சையதப்பா படம் வந்தாலும் தனியே பார்க்கப் பிடிக்காமல் அணைத்துவிடுவேன். முழுசாகவே கைவிட்டுப் போய்விட்டாள் என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. எடுத்ததுமே கத்தினாள்.

"உம்மா! சையதப்பாவுக்கு சர் பட்டம் குடுத்துட்டாங்க!"

இன்டர்நெட்டில் பார்த்தாளாம். ராணி வாளால் தோளைத் தொட, அவர் மண்டியிட்டுத் தலை சாய்த்திருக்கிற படம் போட்டிருந்ததாம். "தட்டு வச்சிக்கிட்டுத் தலையச் சாய்ப்பாருல்ல உம்மா, அதே மாதிரி." அவர் கதையையும் சொன்னாள். சின்ன ஊரில் ரொட்டிக் கடைக்காரர் மகனாம். நாடகக் கொட்டகையில் திரை இழுக்கிற வேலைக்குச் சேர்ந்தாராம். கதாநாயகன் ஆகிற முகம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கிடைத்த சின்ன வேடங்களைச் செய்தே கிழவராகிவிட்டாராம்.

"கல்யாணம்?" என்றேன். எனக்கு அதுதான் கவலை.

"ஆயிட்டு உம்மா. பேரப் புள்ளையெல்லாம் ஈக்கிதாம்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "என்ன புள்ள சொன்னே?"

"ஈக்கிதாம்னு சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "இங்கே யாருமே நீங்க பேசுறாப்புலே பேசமாட்டேங்கிறாங்க உம்மா. நானே தனியாப் பேசிப் பாத்துக்கிறேன்."

வாவல் மீன் முன்னால் நான் நின்ற மாதிரி என் பிள்ளை ஹாஸ்டல் அறையில் நின்றிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரைச் சையதுன்னு சொன்னப்போ சிரிச்சியே. நான் கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்றேன். அவள் சிரித்தாள். பின்னால் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் போகாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் குரலில் கேட்டாள்.

"வில் தட் பி ஆல், மேடம்?"

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ படங்களில் கேட்டதுதான்.

"இல்லே புள்ள" என்றேன். "இன்னும் ஈக்கிது. வச்சிராதே."